ராணி இல்லாத கூடு

ஜாடியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டாள் லில்லி. தேனீக்கள் போகவில்லை. வழி திறந்து கிடப்பது தெரியாமல் ஜாடிக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பிறகு ஒரு நாள் பார்க்கிறாள், ஜாடி காலி. அந்தக் காலி ஜாடியைப் பார்க்கும்போதுதான், தன்னை அடைத்துவைத்திருந்த வீட்டின் மூடியும் இத்தனை காலம் திறந்துதான் கிடந்தது என்பது பதினான்கு வயதுப் பெண்ணுக்கு உறைக்கிறது. துணிமணியை அள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். சூ மங்க் கிட் எழுதிய ‘தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பீஸ்’ நாவலில் இந்த இடத்தை முதன்முதலாகப் படித்த அன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் நடந்தேன். எதிரில் வந்தவர்களை எல்லாம் நிறுத்தி அந்தப் பக்கத்தைச் சொன்னேன். இன்றும் யார் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2001 இல் வெளிவந்த நாவல் இது. கதை நடப்பது 1964 இன் கோடையில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில். சில்வன் என்ற சிற்றூரில் ஒரு பீச் பழத் தோட்டம். அதன் சொந்தக்காரன் டி. ரே. அவனுடைய ஒரே மகள் லில்லி ஓவன்ஸ். அவளுக்கு நான்கு வயதாகும்போது அம்மா டெபோரா இறந்துபோகிறாள். அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள், அம்மா அவசர அவசரமாகப் பெட்டியில் துணி அடைக்கிறாள், ஒரு துப்பாக்கி கீழே விழுகிறது, குழந்தை அதை எடுக்கிறது, வெடிக்கிறது. லில்லியின் நினைவில் இருப்பது இவ்வளவுதான். அம்மாவைக் கொன்றது தன் கைதான் என்ற பாரத்தோடு பத்து ஆண்டுகள் வளர்கிறாள். அவளை வளர்ப்பது ரோசலீன் என்ற கறுப்பினப் பெண்மணி. முன்பு அந்தத் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்.

குறியீடு என்று சொன்னாலே நம்மில் பலருக்கு ஒரு விடுகதை நினைவு வந்துவிடுகிறது. இது அதைக் குறிக்கிறது, அது இதைக் குறிக்கிறது, கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர். இந்த நாவலின் குறியீடுகளில் அந்த வேலையே கிடையாது. எல்லாம் கையால் தொடக்கூடிய பொருள்கள். தேன் கையில் ஒட்டுகிறது, சங்கிலி கனக்கிறது, கல் ஆற்றோரத்தில் கிடக்கிறது. பாத்திரங்கள் அவற்றை வைத்து நாள் முழுக்க ஏதாவது வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். அந்த வேலைக்குள்ளிருந்துதான் பொருள் கசிகிறது. இப்படி எழுதுவது எவ்வளவு கடினம்! சூ மங்க் கிட் அதை மூச்சு விடுவதுபோல் செய்துவிடுகிறார்.

ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும், தேனீக்களைப் பற்றிய நூல்களிலிருந்து எடுத்த ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து தாண்டாதீர்கள். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தின் குறிப்பு ராணித் தேனீயைப் பற்றியது. ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் வேலைக்காரத் தேனீக்கள் வெகுசீக்கிரம் அதை உணர்ந்துவிடும், சில மணி நேரத்திலேயே அவற்றின் போக்கு மாறிவிடும் என்கிறது அது. அதற்கு அடுத்த வரியில் தொடங்குகிறது தாயில்லாத பெண்ணின் கதை.

இந்தக் குறிப்பு என்னை விடவில்லை. தேனீக்களைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். ராணி என்று பெயரே தவிர அது யாரையும் ஆள்வதில்லை. கூட்டின் தாய் அது. நல்ல பருவத்தில் ஒரே நாளில் 1,500 முட்டைகள்கூட இடும். கூட்டில் உழைக்கும் தேனீக்கள் அத்தனையும் பெண்கள், அந்த ராணியின் மகள்கள். கோடையில் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய ஆறு வாரம். ராணியின் உடலில் சுரக்கும் மணம் வாய்க்கு வாய், உடலுக்கு உடல் பரவி, தாய் இருக்கிறாள் என்ற செய்தியைக் கூடு முழுக்கக் கொண்டுபோகிறது. அந்த மணம் நின்றதும் கூடு கலங்குகிறது.

கலங்கிய கூடு அதற்குப் பிறகு செய்வதுதான் என்னை அசர வைத்தது. முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று நாளுக்கு மேல் ஆகாத சில புழுக்களைத் தேனீக்கள் தேர்ந்தெடுக்கின்றன. அவை கிடக்கும் அறைகளை நீட்டிப் பெரிதாக்குகின்றன. மற்றப் புழுக்களுக்குச் சில நாள் மட்டுமே கிடைக்கும் ராயல் ஜெல்லியை இவற்றுக்கு நிறுத்தாமல் ஊட்டுகின்றன. வேலைக்காரத் தேனீயாகப் போயிருக்க வேண்டிய அதே புழு ராணியாகி வெளியே வருகிறது. வேலைக்காரத் தேனீ உருவாக முட்டையிலிருந்து 21 நாள், ராணிக்கு 16 நாளே போதும். ராணிக்கென்று தனி முட்டை கிடையாது. ஊட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தாயை இழந்த மகள்கள் கூடித் தங்களுக்கு ஒரு தாயை ஊட்டி வளர்த்துக்கொள்கிறார்கள்!

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி நாவலுக்குள் போனேன். பக்கத்துக்குப் பக்கம் யாரோ யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் வாசிப்பில் கண்ணில் படாமல் நழுவியவை எல்லாம் எழுந்து நின்றன. தேன், கரப்பான் பூச்சி, புகைப்படம், ஏன், அந்தக் கொடுமைக்கார அப்பாவின் தண்டனைகூட! லில்லியைத் தண்டிக்க நினைத்தால் டி. ரே என்ன செய்வான் தெரியுமா? தரையில் சோள ரவையைக் கொட்டி அதன்மேல் அவளை முழங்காலிட வைப்பான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் காலையில் கஞ்சியாகக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே ரவை. வாயில் ஊட்ட வேண்டிய உணவு முழங்காலில் குத்துகிறது. அந்த வீட்டில் தாய் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்?

அம்மாவின் நினைவாக லில்லியிடம் இருப்பவை மூன்று. ஒரு புகைப்படம், ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, கறுப்பு மேரியின் படம் ஒட்டிய ஒரு சிறு மரத்துண்டு. மரத்துண்டின் பின்புறம் டிபுரான் என்று ஓர் ஊரின் பெயர். 1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திடுவதை ரோசலீன் தொலைக்காட்சியில் பார்க்கிறார். வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள ஊருக்குள் நடக்கிறார். வழியில் வெள்ளை ஆண்கள் மறித்துச் சீண்டுகிறார்கள். கையிலிருந்த பாத்திரத்தில் துப்பியிருந்த மூக்குப்பொடிச் சாற்றை அவர்களுடைய செருப்பின்மேல் நிதானமாகக் கவிழ்க்கிறார். அந்தப் பக்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்காக அவரை அடித்துச் சிறையில் தள்ளுகிறார்கள். அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவரை லில்லி தந்திரமாக வெளியே கூட்டிவந்து, மரத்துண்டில் இருக்கும் ஊரைத் தேடிப் போகிறாள். அங்கே ஒரு கடையில், அதே கறுப்பு மேரியின் படம் தேன் பாட்டில்களில்!

அந்தத் தேனைச் செய்பவர்கள் போட்ரைட் சகோதரிகள். ஆகஸ்ட், ஜூன், மே. மூன்று பேரும் கறுப்பினப் பெண்கள். கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு வீடு. அந்த நிறம் ஆகஸ்டுக்குப் பிடித்ததில்லை. மேயின் மனம் அதைக் கண்டு மலர்ந்தது, அதனால் அடித்துவிட்டார். வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்பது பெரிய விஷயமா, ஒருவர் மனம் லேசாவது பெரிய விஷயமா என்று லில்லிக்கு அவர் விளக்கும் இடத்தை, பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ஆகஸ்ட் தேனீ வளர்ப்பவர். அடைகளை எடுப்பதும், சூடான கத்தியால் மெழுகு மூடியைச் சீவுவதும், தேனைச் சுழற்றிப் பிரிப்பதும் அந்த வீட்டின் அன்றாடம். ஓடிவந்த பெண்ணைத் துருவித் துருவிக் கேள்வி கேட்காமல் முதலில் இந்த வேலையில் இறக்கிவிடுகிறார் ஆகஸ்ட். கொட்டு வாங்காமல் தேனீ வளர்க்க முடியாது என்பதையும், பெட்டியை நெருங்கும்போது தேனீக்களுக்கு அன்பை அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கிறார். கூட்டைத் திறந்ததும் தேனீக்கள் லில்லியைச் சூழ்ந்து பறக்கிற காட்சி ஒன்று உண்டு. தாயில்லாத பெண்ணின் வெறுமையைத் தாயைச் சுற்றியே வாழும் ஒரு கூட்டம் மொய்த்துக்கொண்டு ரீங்கரிக்கிறது. படிக்கும்போது என் காதிலும் அந்தச் சத்தம் இருந்தது.

அந்த வீட்டு வரவேற்பறையில் ஒரு மரச் சிலை நிற்கிறது. பழைய கப்பல் ஒன்றின் முகப்பில் இருந்த பெண் உருவம். கறுத்த முகம், உயர்த்திய முஷ்டி, மார்பில் வரைந்த சிவப்பு இதயம். அடிமைக் காலத்தில் ஒபாடியா என்ற அடிமை ஆற்றோரத்தில் அதைக் கண்டெடுத்தான் என்று ஆண்டாண்டாக அவர்கள் ஒரு கதை சொல்லி வருகிறார்கள். பண்ணை எசமான் அந்தச் சிலையைச் சங்கிலியால் கட்டி வண்டிக் கொட்டிலில் பூட்டிவைக்கிறான். இரவோடு இரவாக அவள் தப்பி வந்துவிடுகிறாள். மறுபடி கட்டுகிறான், மறுபடி தப்பி வருகிறாள். அதனால்தான் அவளுக்குச் சங்கிலிகளின் அன்னை என்று பெயர். கட்டியதால் வந்த பெயரா, அறுத்ததால் வந்த பெயரா என்று நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. மாதாவின் விண்ணேற்புத் திருநாள் வரும் ஆகஸ்ட் மாத நடுவில், ‘மேரியின் மகள்கள்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் அந்தப் பெண்கள் சிலைக்குச் சங்கிலி சுற்றுகிறார்கள். பிறகு அவிழ்க்கிறார்கள். தேனை ஊற்றி, எத்தனையோ கைகள் ஒன்றன்மேல் ஒன்று படர, மரம் முழுக்கத் தேய்க்கிறார்கள். தேன் மரத்தைக் காக்கும் என்பது அதற்கான நடைமுறைக் காரணம். அதே விழாவில் அவர்கள் தேன் பணியாரத்தை எடுத்து ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டுகிறார்கள், தேவமாதாவின் உடல் என்று சொல்லி. தேவாலயத்தில் பாதிரியார் கையால் கிடைக்கும் நன்மையை இங்கே பெண்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கிறார்கள். நற்கருணை இங்கே தாயின் உடலாகிவிடுகிறது! எவ்வளவு துணிச்சல்!

மேயைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது. மேயும் ஏப்ரலும் இரட்டையர். பதின்வயதில் ஏப்ரல் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து உலகத்தில் யாருக்கு வலித்தாலும் மேக்கு வலிக்கிறது. தன் துயரத்துக்கும் பிறர் துயரத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சுவர் அவருக்குள் இல்லை. அதனால் வீட்டுக்கு வெளியே ஒரு சுவர் கட்டிக்கொள்கிறார். ஆற்றுக் கற்களை அடுக்கிய சுவர். தாங்க முடியாததைச் சீட்டில் எழுதி, மடித்து, கல்லிடுக்கில் செருகிவிட்டு வருவார். யெருசலேமின் அழுகைச் சுவர்போல. லில்லி எடுத்துப் பார்க்கும் ஒரு சீட்டில் பர்மிங்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. 1963 செப்டம்பர் 15 அன்று அந்த நகரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத் தென் கரோலினாவின் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒருவர் துண்டுக் காகிதத்தில் அழுதிருக்கிறார். வரலாற்றை நாவலுக்குள் கொண்டுவர எத்தனையோ வழி உண்டு. கல்லிடுக்கில் ஒரு மடித்த சீட்டு என்ற இந்த வழியை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் மே ஒரு கல்லை மார்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுகிறார். சுவரில் இருக்க வேண்டிய கல் மார்புக்கு வந்துவிடுகிறது. அவர் இறந்ததும் ஆகஸ்ட் தேனீப் பெட்டிகளுக்குக் கறுப்புத் துணி போர்த்துகிறார். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்கும் தெரிவிப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கிய பழைய சடங்கு.

கரப்பான் பூச்சிக்கு வருகிறேன். என் நண்பர்களிடம் இந்த நாவலைப் பற்றிப் பேசும்போது நான் குரல் உயர்த்துவது இந்த இடத்தில்தான். மேயால் பூச்சியைக் கொல்ல முடியாது. பிஸ்கட் தூளையும் மார்ஷ்மெல்லோத் துண்டுகளையும் சமையலறையிலிருந்து வாசல்வரை கோடாகத் தூவி, கரப்பான்களை வெளியே வழிநடத்துவார். அதைப் பார்த்த லில்லி உறைந்துபோகிறாள். அம்மாவைப் பற்றி அப்பா எப்போதோ வாய்தவறிச் சொன்ன ஒரே நல்ல தகவல் அது. அவளும் இப்படித்தான் கரப்பானுக்குத் தீனி போட்டு வெளியே கூட்டிப்போவாளாம். அப்படியென்றால் அம்மா இந்த வீட்டில் இருந்திருக்கிறாள்! கடிதமோ கல்வெட்டோ சாட்சி சொல்லவில்லை. பூச்சிக்கு இட்ட இனிப்புத்தூள் சொல்கிறது. அந்தக் கோட்டில் வாசலைக் கண்டுபிடிப்பது கரப்பான்கள் மட்டுமா, லில்லியும்தானே?

உண்மை முழுவதையும் ஆகஸ்ட் சொல்லும் அத்தியாயம் கொடுமையானது. வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் டெபோராவின் வீட்டில் வேலை பார்த்து, குழந்தை டெபோராவைக் கவனித்துக்கொண்டவர் ஆகஸ்ட். மணவாழ்க்கை முறிந்து, மனமும் நொறுங்கி, டெபோரா இந்த வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்தபோது மகளை விட்டுவிட்டு வந்தாள். பிறகு மகளைக் கூட்டிவரத் திரும்பிப் போனபோதுதான் அந்தச் சண்டையும் சாவும். தான் தெய்வமாக நேசித்த அம்மா தன்னை விட்டுப் போனவள் என்று தெரிந்ததும் லில்லி தேன் வீட்டுக்குப் போகிறாள். வரிசையாக இருக்கும் தேன் ஜாடிகளை எடுத்து எடுத்துச் சுவரில் எறிகிறாள். கண்ணாடி நொறுங்குகிறது, சுவரெல்லாம் தேன் வழிகிறது. அதுவரை மருந்தாகவும் வழிபாடாகவும் இருந்த தேனைக் கோபமாகவும் ஆக்க ஆசிரியரால் முடிகிறது. தாய்மையை உயரத்தில் ஏற்றி மாலை போடாத நாவல் இது. தாயும் தவறுவாள், தவறிய தாய்மேல் பிள்ளைக்கு ஆத்திரம் வரும், அந்த ஆத்திரத்துக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு. என் அம்மா நல்லபடியாக இருக்கிறார். அந்தப் பக்கங்களை முடித்துவிட்டு அவரிடம் தொலைபேசியில் வெகுநேரம் பேசினேன், நாவலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

பிறகு ஆகஸ்ட் ஒரு பெட்டி கொண்டுவருகிறார். டெபோரா விட்டுச்சென்ற பொருள்கள். கண்ணாடி, முடி ஒட்டியிருக்கும் சீப்பு, திமிங்கில வடிவ ஊசிப்பதக்கம், ஒரு கவிதை நூல். கடைசியாக ஒரு புகைப்படம். உயர்ந்த நாற்காலியில் குழந்தை, எதிரில் அம்மா கரண்டியால் ஊட்டுகிறாள், இரண்டு மூக்கும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லில்லி தேடியலைந்த சான்று அதுதான். கட்டியணைக்கும் படத்தையோ முத்தமிடும் படத்தையோ ஆசிரியர் வைத்திருக்கலாம். ஊட்டும் படத்தை வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்தின் தேனீக் குறிப்பிலிருந்து இதுவரை எவ்வளவு பொறுமையாக நம்மைக் கூட்டிவந்திருக்கிறார்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1964 ஜூலை 28 அன்று ஏவிய ரேஞ்சர் 7 விண்கலம் மூன்று நாள் கழித்து நிலவில் மோதியது, மோதும்வரை படம் அனுப்பியபடி. இந்தச் செய்தி நாவலில் வருகிறது. நிலவை இனி யாரும் பழையபடி பார்க்க முடியாதே என்று ஆகஸ்ட் வருந்துகிறார். நிலாவைக் காட்டிக் காட்டி வாயில் வைத்த சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வருத்தம் நமக்கு உடனே பிடிபடும்.

வெள்ளைச் சிறுமி ஒருத்தியின் காயம் ஆறுவதற்காகக் கறுப்பினப் பெண்களை நாவல் வேலைக்கு வைக்கிறது என்று ஒரு விமரிசனம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நாவலே கேட்டுக்கொள்கிறது. ஜூன் முதல் நாளிலிருந்தே லில்லியை வீட்டுக்குள் விரும்பவில்லை. லில்லி சிலையின் இதயத்தைத் தொட நெருங்கும்போது ஜூனின் செல்லோ இசை சட்டென்று நிற்கிறது. ஒரு வெள்ளைப் பிள்ளைக்குத் தன் அக்கா ஆயாவாக இருந்தாரே என்ற பழைய கசப்பு அது. டெபோராமேல் தனக்கு இருந்த அன்பு அப்படியொன்றும் எளிதானது அல்ல என்று ஆகஸ்டும் ஒளிக்காமல் சொல்கிறார். மகளாகச் சேர்த்துக்கொள்வதற்கும் வேலைக்காரியாக நின்று பணிவிடை செய்வதற்கும் உள்ள வேறுபாடு இந்தப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ரோசலீனையே பாருங்கள். லில்லியை வளர்த்ததோடு அவர் கதை முடியவில்லை. வாக்காளராகப் பதிவு செய்யக் கிளம்பி அடிபட்டவர், டிபுரானில் போய்ப் பதிவு செய்துகொண்டுதான் ஓய்கிறார்.

மகளைத் தேடி டி. ரே வந்து நிற்கிறான். லில்லியின் சட்டையில் அந்தத் திமிங்கிலப் பதக்கம். மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக அவனே கொடுத்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு எதிரில் நிற்பது மகளா, ஓடிப்போன மனைவியா என்று தெரியவில்லை. டெபோரா என்று கூப்பிட்டு அறைகிறான். இத்தனை பக்கங்களாக நாம் வெறுத்த மனிதனும் அதே பெண்ணை இழந்தவன் என்பது அந்த நொடியில்தான் நமக்குத் தெரிகிறது. அவனுக்கு ஊட்ட ஒரு கூடு வாய்க்கவில்லை. ஒரு பதக்கத்தை வைத்து ஒரு வில்லனை மனிதனாக்கிவிட முடியுமா? இந்தக் காட்சியில் முடிந்திருக்கிறது.

2008 இல் ஜீனா பிரின்ஸ்-பைத்வுட் இயக்கத்தில் படமாகவும் வந்தது. டகோட்டா ஃபேனிங் லில்லி, குவீன் லத்தீஃபா ஆகஸ்ட், சோஃபி ஒகனேடோ மே. மூவருமே அருமை, மேயின் முகம் கண்ணை விட்டுப் போகவே போகாது. ஆனால் முதலில் நாவல், பிறகுதான் படம். அத்தியாயத் தலைப்புக் குறிப்புகள் நாவலில்தானே இருக்கின்றன! படிக்க உட்காரும்போது கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். என் பிரதியில் ஓரங்களில் இடமே இல்லை. அடுத்த வாசிப்புக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.